ஆரஞ்சு நூலில் தைத்த கூடு

திருடனைப் பிடித்த மறுநாள் காலையிலாவது துப்பறிகிறவன் வீட்டில் படுத்துத் தூங்கக் கூடாதா என்று தரணி கேட்டாள். வேப்பங்காட்டுப் பூங்காவின் மேற்குக் கோடியில், நந்தியாவட்டைப் புதருக்குப் பின்னால், ஈரப் புல்லில் குத்தவைத்துக்கொண்டு கேட்டாள்.

"சத்தம் போடாதம்மா. சிட்டு பயந்துக்கும்," என்றான் கலீல், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சிட்டு பயந்துக்குதுங்களோ என்னமோ, கொசு பயந்துக்கறதாக் காணமுங்க. வாட்ச்மேன்தான் திருடன்னு நேத்தே மைக்ல சொல்லிப்போட்டீங்க. எல்லாரும் கையும் தட்டிப்போட்டாங்க. இன்னிக்கு இங்க ஒக்காந்து யாரைப் புடிக்கறோமுங்க, ஓணானையா?"

"வாங்கறவனை. முருகவேல் குஞ்சைத் திருடினான், சரி. யாருக்கு வித்தான்? அது தெரியாட்டி கேஸ் பாதியிலதான் நிக்குது. இந்தக் கூட்டுல இன்னும் குஞ்சு இருக்குது. வாட்ச்மேன் மாட்டிக்கிட்டது தெரியாம அந்த ஆளு இங்க வருவான்."

"தையல்சிட்டுக் குஞ்சைக் காசு குடுத்து யாருங்க வாங்குவாங்க? கூண்டுல வச்சாப் பாடாது, வறுத்து வச்சாப் பல்லுக்குக்கூடப் பத்தாது."

அந்தக் கேள்வி இரவெல்லாம் கலீலையும் அரித்துக்கொண்டுதான் இருந்தது. தன் முதலாளியிடம் பதில் இல்லாதபோது அதை உடனே கண்டுபிடித்துவிடும் தரணி, பெரிய மனசு பண்ணிப் பேச்சை அத்தோடு விட்டாள்.

கலீலுக்கு முப்பத்தெட்டு வயது. சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்காகப் பனியன் கம்பெனி பனியன் கம்பெனியாகப் போய், துணியை விரித்துப் பார்த்துக் குறை சொல்லும் குவாலிட்டி கண்ட்ரோலராகப் பல காலம் இருந்தவன். துணியைவிட மனிதர்களை விரித்துப் பார்ப்பதில் வருமானம் அதிகம் என்று ஒருநாள் ஞானோதயம் ஆகி, திருப்பூரில் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு மாடி அறை பிடித்துத் துப்பறியும் நிலையம் போட்டான். பழைய உத்தியோகத்தின் ஞாபகமாக அவனுடைய ஐடி கார்டு, கயிறு இல்லாமல், ஒரு ரப்பர் பேண்டில் ஆபீஸ் ஆணியில் தொங்குகிறது. செக்கிங் செக்ஷனில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த தரணியைத் தன் உதவியாளராக அழைத்து வந்ததும் அவன்தான். மாதச் சம்பளம் அவள் கண்ணுக்கு. வாய் இலவசம்.

ஓய்வு கிடைத்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு நல்லூரை ஒட்டிய இந்தப் பூங்காவுக்கு வந்துவிடுவான் கலீல். அணில், கீரி, தவிட்டுக்குருவி, குளத்து மீன்கொத்தி என்று ஒன்று விடாமல் படம் எடுத்து வைத்திருந்தான். போன வருடம் பூங்காவில் நடந்த புகைப்படப் போட்டியில் முதல் பரிசும் அவனுக்குத்தான். அலகில் ஒரு வெள்ளை நூலைக் கவ்விக்கொண்டு, தலையைச் சாய்த்து இலையோரத்தில் நிற்கிற தையல்சிட்டு. கட்டைவிரல் அளவுப் பறவை. அகலமான இலையை மடக்கி, ஓரத்தில் அலகால் துளை போட்டு, பஞ்சையும் சிலந்தி இழையையும் கோத்துத் தைத்து அதற்குள் கூடு வைக்கும். பூங்காவை ஒட்டிப் பனியன் கம்பெனி வைத்திருக்கும் லிங்கசாமி அந்தப் படத்தைப் பார்த்து மயங்கிப்போனார். தன் கம்பெனிக்கு இதைவிடப் பொருத்தமான முத்திரை கிடைக்காது என்று, ஆளுயர ஃப்ளெக்ஸ் அடித்து, கம்பெனிப் பெயரோடு பூங்கா வாசலிலேயே மாட்டிவிட்டார். இந்தப் படத்தை எப்படி எடுத்தீர்கள் என்று யாராவது கேட்டால், பொறுமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவான் கலீல்.

நடைப்பயிற்சி சங்கத்துக்குத் தலைவரும் லிங்கசாமிதான். பூங்காவில் தையல்சிட்டுக் கூடுகள் வரிசையாகக் காலியாக ஆரம்பித்ததும் அவர் கலீலைத்தான் கூப்பிட்டார். கூடு அப்படியே இருக்கும், குஞ்சுகள் மட்டும் இருக்காது. காலியான கூடுகளையெல்லாம் கலீல் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தான். எல்லாவற்றிலும் ஓர் ஆரஞ்சு நூல் இருந்தது. சாதாரண ஆரஞ்சு அல்ல. வெளிநாட்டில் ரோடு வேலை செய்கிறவர்கள் வண்டி ஏறிச் சாகாமலிருக்கப் போட்டுக்கொள்ளும் பனியனுக்கென்றே செய்த நியான் ஆரஞ்சு, பாலியஸ்டர் நூல். எவ்வளவு தூரத்திலிருந்தும் கண்ணில் அடிக்க வேண்டும் என்பதற்காகவே சாயம் ஏற்றியது. அந்தக் கலரை எத்தனையோ முறை சரி பார்த்துப் பாஸ் போட்டவன் அவன்.

பிறகென்ன, முடிச்சு தானாக அவிழ்ந்தது. குஞ்சு பொரித்த கூட்டுக்குத் திருடன் அடையாளம் கட்டி வைக்கிறான். இலையோடு இலையாக இருக்கும் கூட்டை மறுபடி தேடி அலைய வேண்டாமே. அந்த நூல் யாரிடம் இருக்கிறது என்று தேடியபோது, வாட்ச்மேன் முருகவேலின் அறையில், ஒரு குச்சியில் பந்து பந்தாகச் சுற்றி வைத்திருந்தது கிடைத்தது. பக்கத்திலேயே ஒரு செருப்புப் பெட்டிக்குள் கண் திறக்காத அணில் குஞ்சு வேறு.

நேற்றுக் காலை, சிரிப்பு யோகா முடிந்த கையோடு, சங்கத்து மைக்கை வாங்கிக்கொண்டான் கலீல். "தூரத்திலிருந்தே தெரியணும்னுதான் இந்த நூலைக் கட்டியிருக்கான். பூங்காவைக் காவல் காக்க வச்ச இவன்தான் திருடன்," என்று கையை நீட்டினான். மரத்துக்கு மரம் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்கள் அதைப் பூங்கா முழுக்கச் சொல்லின. கைதட்டல் விழுந்தது. ராஜபாளையம் பக்கத்து மனிதரான முருகவேல், "நான் திருடலைய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கலீலையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கலீல் ஏதோ ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டான், இதோ இப்போது சொல்லிவிடுவான் என்று காத்திருக்கிற மாதிரி இருந்தது. மாட்டிக்கொண்டவன் அப்படித்தான் பார்ப்பான் என்று கலீல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வேலையும் போய், பூங்காவுக்குள் குடியிருந்த ஒற்றை அறையும் போய், முருகவேலும் அவர் மனைவி பழனியம்மாளும் இன்று காலைக்குள் காலி செய்ய வேண்டும் என்பது லிங்கசாமியின் உத்தரவு.

"சாருங்க," என்றாள் தரணி மெதுவாக. "உங்க ஆளு வந்தாச்சு."

கலீல் லென்ஸைத் திருப்பினான். பாதாங்கன்றின் தாழ்ந்த கிளையில், மடித்துத் தைத்த இலைக்கு வெளியே ஆரஞ்சு நூலின் முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே வேலிமேல் ஒரு செம்போத்து வந்து உட்கார்ந்திருந்தது. காக்கை அளவு, துருப்பிடித்த நிறத்தில் இறக்கை, சிவப்புக் கண்.

"எங்கூட்ல இதைப் பாத்தாக் கன்னத்துல போட்டுக்குவாங்க. நல்ல சகுனமுங்க," என்றாள்.

நல்ல சகுனம் தலையை ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் சாய்த்தது. பூங்காவில் எத்தனையோ செடி, எத்தனையோ இலை. அது எதையும் பார்க்கவில்லை. வேலியிலிருந்து இறங்கி, வழி தெரிந்த தபால்காரன் மாதிரி நேராக ஆரஞ்சு முனைக்கு நடந்து வந்தது. தாய்ச்சிட்டு கீச்சுக் கீச்சென்று அதன் தலைமேல் பாய்ந்து பாய்ந்து கத்தியது. செம்போத்து கிளையில் ஏறி, இலைக்குள் அலகை விட்டு, ஒரு குஞ்சை எடுத்து விழுங்கியது. கலீலின் விரல் பழக்கதோஷத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அடுத்த குஞ்சை அலகில் பிடித்து இழுத்தது. குஞ்சு பாதி வந்து நின்றுவிட்டது. மறுபடி இழுத்தது. ஆரஞ்சு நூலில் கால் மாட்டிக்கொண்டு, கூட்டுக்கு வெளியே குஞ்சு தலைகீழாகத் தொங்கியது.

"படம் புடிச்சது போதுமுங்க!" என்று தரணி எழுந்தாள். அவள் செருப்பு பறந்து போய்ச் செம்போத்தின் பக்கத்துக் கிளையில் மோதியது. செம்போத்து வேலியைத் தாண்டிப் போயிற்று.

தரணி கைப்பையிலிருந்து டிரிம்மரை எடுத்தாள். பிசிறு வெட்டும் அந்தச் சின்னக் கத்தரியை, வேலையை விட்ட பிறகும் அவள் கீழே வைத்ததில்லை. ஒரு கையில் குஞ்சைத் தாங்கிக்கொண்டு, காலில் இறுகியிருந்த இழையை ஒவ்வொன்றாக வெட்டினாள். பாலியஸ்டர் இழை அறுபடாமல் மெல்லிய காலைச் சுற்றி இறுகியிருந்தது. பஞ்சு நூலாக இருந்தால் எப்போதோ அறுந்திருக்கும் என்று கலீலுக்குத் தெரியும். குஞ்சு வாயைத் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. அதை உள்ளே விட்டுவிட்டு, வெளியே நீட்டியிருந்த முனைகளையும் ஒட்ட வெட்டிவிட்டாள். இலை மறுபடி வெறும் இலையாகத் தெரிந்தது.

"கூட்டுல இன்னொன்னும் இருக்குதுங்க. ரெண்டும் பொழச்சுக்கும்," என்றவள் கத்தரியைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தாள். "ஏனுங் சார், குஞ்சு வாங்கற வியாபாரியை நீங்க விசாரிக்கறீங்களா, நான் விசாரிக்கட்டுங்களா? செம்பூத்து பாஷை எனக்கு வராதுங்க."

கலீலுக்குச் சிரிப்பு வரவில்லை. எவ்வளவு தூரத்திலிருந்தும் கண்ணில் அடிக்க வேண்டும். அந்த வேலையை நூல் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. அடையாளம் என்று அவன் சொன்னது சரிதான். யாருக்கு அடையாளம் என்பதில்தான் கோட்டை விட்டிருக்கிறான். திருடன் என்று ஒருத்தனே கிடையாது. ஆனால் ஒரு மனிதரை மைக் வைத்துத் திருடன் என்று சொல்லியாயிற்று.

"நூல்..." என்றான். "முருகவேலே கூட்டுல வச்சிருக்கலாமில்ல? அடையாளத்துக்கு..."

"வச்சாருங்களா? இங்க பாருங்க." தரணி இலையோரத்தைத் தொட்டுக் காட்டினாள். "துளை போட்டு, இழுத்து, முனையை நசுக்கி விட்டிருக்குதுங்க. மனுசக் கையில இப்படித் தைக்கத் தெரிஞ்சா நான் எதுக்குங்க உங்ககிட்ட வேலை செய்யறேன்? சிட்டேதான் கொண்டாந்து தச்சிருக்குது. எங்கிருந்து கொண்டாந்துச்சுங்கறதுதான் கேள்வி."

பதில் புதரிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. நந்தியாவட்டைக் கிளையில் ஓர் ஆரஞ்சு இழை. நாலு எட்டுத் தள்ளிச் செம்பருத்தி வேலியில் இன்னொன்று. சிட்டு தூக்கிவந்த வழியில் நழுவவிட்ட இழைகளைப் பொறுக்கிக்கொண்டே தரணி முன்னால் போக, கலீல் பின்னால் போனான். இழைகள் குளக்கரைக்குக் கொண்டுபோய் விட்டன. அங்கே ஒரு கொய்யா மரம். தாழ்ந்த கிளையில் ஒரு வெங்காய வலைப்பை தொங்கியது. உள்ளே நியான் ஆரஞ்சு நூல் வேஸ்ட் திணித்து வைத்திருந்தது. ஒரு சிட்டு அதில் தொற்றிக்கொண்டு ஓர் இழையை இழுத்துக்கொண்டிருந்தது. அவர்களைக் கண்டதும் இழையோடு பறந்தது.

கலீல் அங்கேயே நின்றுவிட்டான். பரிசு வாங்கிய பிறகு இந்தப் பக்கமே அவன் வந்ததில்லை. ஆனால் மரத்தை அவனுக்குத் தெரியும். கிளையைத் தெரியும். பையையும் தெரியும்.

"அட!" தரணி எம்பிப் பையைப் புரட்டினாள். "கயித்தைப் பாருங்க சார். நீல நாடா, கொக்கி. ஐடி கார்டு மாட்டறதுங்க. எழுத்துக்கூட வெளுக்காம இருக்குது. இது நீங்க முன்ன வேலை பாத்த..."

பாதியில் நிறுத்தினாள். ஆபீஸ் ஆணியில் ரப்பர் பேண்டில் தொங்கும் கார்டு அவள் கண்முன் வந்திருக்க வேண்டும். கயிறு எங்கே போயிற்று என்று அவளே ஒருமுறை கேட்டிருக்கிறாள். தொலைந்துபோயிற்று என்று அவன் சொல்லியிருக்கிறான்.

அவள் ஏதாவது கிண்டலாகச் சொல்லுவாள் என்று காத்திருந்தான். சொன்னால் தேவலாம் போலிருந்தது. அவள் கத்தரியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"நான்தான்," என்றான் கலீல். "போன வருசம். வாயில நூலோட சிட்டு வேணும்னு எத்தனையோ நாள் காத்திருந்தேன், கெடைக்கலை. அதான் வெள்ளைப் பஞ்சு நூலைப் பையில போட்டுக் கட்டி வச்சேன். வந்துச்சு. எடுத்தேன்."

"போட்டியில எதையும் வச்சு ஆசை காட்டக் கூடாதுன்னு நிபந்தனைங்களே?"

"ஆமா. நடுவர் கேட்டாரு. இயற்கையா எடுத்ததுன்னு சொன்னேன்."

"செரி, உங்களுது வெள்ளை. இந்த ஆரஞ்சு?"

அதுவும் இப்போது ஞாபகம் வந்தது. வந்ததும், வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. பை கட்டிய அன்று கிளையை வளைத்துப் பிடித்தவர் முருகவேல். படம் எடுத்து முடித்ததும் அவர் தோளில் தட்டி, "யாருகிட்டயும் சொல்லாதீங்கண்ணா," என்றான். கூடவே கேமராவைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னான். அடுத்த வாட்டி நூல் கலரா இருந்தா படம் இன்னும் எடுப்பா இருக்கும். போகிறபோக்கில் சொன்னது. சொன்ன அடுத்த நிமிடம் மறந்தும் போனான்.

திருப்பூரில் அந்த மாதிரிப் பேச்சை யாரும் மறக்க மாட்டார்கள் என்பது அவனுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். செக்கிங்குக்கு வருகிற ஆள் துணியைப் பார்த்து, 'கழுத்து கொஞ்சம் இறக்கமா இருந்தா நல்லாருக்கும்' என்று முணுமுணுத்தால் போதும். மதியத்துக்குள் தையல் லைன் முழுக்கக் கழுத்து இறங்கிவிடும். அவனுடைய எத்தனையோ முணுமுணுப்புகள் அப்படி உத்தரவாகியிருக்கின்றன. பூங்கா வாட்ச்மேனும் கம்பெனிகளில் செக்யூரிட்டி வேலை பார்த்துத்தான் இங்கே வந்தவர்.

"விசிட்டிங் கார்டுல என்னமோ போட்டிருக்கோமேங்க," என்றாள் தரணி கடைசியாக. குரலில் வழக்கமான குத்தல் இல்லை. "'குற்றவாளியை நிச்சயம் கண்டுபிடிப்போம்'னு. கண்டுபுடிச்சுட்டீங்க. வாங்க, போலாம்."

லிங்கசாமி யோகா மேடைக்குப் பக்கத்தில் அருகம்புல் சாறு குடித்துக்கொண்டிருந்தார். கலீல் நீல நாடாவோடு வலைப்பையை அவர் முன்னால் வைத்து, எதையும் விடாமல் சொன்னான். சொல்லச் சொல்லக் காது சுட்டது. சிறு வயதில் பள்ளிவாசலில் செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து அடி வாங்கிய நாளுக்குப் பிறகு இப்படிச் சுட்டதில்லை.

லிங்கசாமி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அட, இதுக்குப் போயி மூஞ்சியை இப்படி வச்சிருக்கீங்க! நீங்க நல்லதுக்குத்தானுங்க வச்சீங்க. சிட்டு நூலெடுத்துச்சு, செம்பூத்து குஞ்செடுத்துச்சு. இதுல யாருமேல தப்பைச் சொல்றது? பையைக் கழட்டியாச்சல்ல, விடுங்க."

"முருகவேலண்ணன்..."

"அவனை இருக்கச் சொல்லிர்றேன். வேலையும் ஊடும் அப்படியே இருக்கட்டும், முடிஞ்சுதுங்க. பரிசு விசயத்தை மட்டும் வெளிய விட்றாதீங்க கலீலு. வாசல்ல ஃப்ளெக்ஸ் நிக்குது, என்ற கம்பெனி பேரும் சேந்து நிக்குது. பெட்டியிலயும் அதே படத்தை அச்சடிக்கக் குடுத்துட்டேன்."

அப்பாடா என்று இருந்தது கலீலுக்கு. மெய்யாகவே இருந்தது. முருகவேலுக்கு வேலை கிடைத்துவிட்டது, தன் பெயரும் தப்பித்துவிட்டது. இரண்டு எட்டு நடந்த பிறகுதான் அந்த நிம்மதி அவனை அசிங்கப்படுத்தியது. நேற்று அதே நூல் முருகவேல் அறையில் இருந்தபோது அதற்குத் திருட்டு என்று பெயர். இன்று கலீல் கைக்கு வந்ததும் நல்லதுக்குத்தான் என்று பெயர் மாறிவிட்டது. ஒரு விசாரணை கிடையாது, ஒரு முகச்சுளிப்புக்கூடக் கிடையாது. அருகம்புல் சாறு குடித்து முடிவதற்குள் அவனை மன்னித்துவிட்டார்கள்.

பூங்காவின் பின்வாசலில் ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி நின்றது. தட்டுமுட்டுச் சாமான், பாய், அடுப்பு, குடம் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பழனியம்மாள் முன்சீட்டில், மடியில் செருப்புப் பெட்டியோடு, சேலைத் தலைப்பை முகத்தில் இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். முருகவேல் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா," என்றான் கலீல். நேற்று மைக்கில் 'இவன்' என்று சொன்ன வாய்க்கு இந்த வார்த்தை சிக்கிக்கொண்டு வந்தது. "அந்த ஆரஞ்சு நூல்..."

"நீங்கதானய்யா சொன்னீக, அடுத்த தடவ கலரா இருந்தா நல்லாருக்கும்னு. கம்பெனி வாசல்ல வேஸ்ட்டு கெடந்துச்சு. பெறக்கியாந்து சுத்தி வச்சு, தீரத் தீரப் பையில போட்டேன். சிட்டும் ஆசையா எடுத்துட்டுப் போச்சு. நீங்க வந்து படம் எடுப்பீகன்னு பாத்தேன்." அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "குஞ்சுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதுய்யா."

"எனக்கும் தெரியாதுண்ணா. ஆனா நேத்து நான் மைக்ல சொன்னப்ப, இந்தக் கலீல்தான் கட்டச் சொன்னாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணா?"

முருகவேல் அவனை விசித்திரமாகப் பார்த்தார். "யாருட்டயும் சொல்லாதீகன்னு நீங்க சொன்னப்ப, சரின்னு சொன்னேன்லய்யா."

தரணி முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டிச் சக்கரத்தைப் பார்த்தாள். நேற்று முருகவேல் பார்த்த பார்வை எதற்குக் காத்திருந்தது என்று கலீலுக்கு இப்போது விளங்கிற்று. சொல்லலாம் என்று அவன் ஒரு சாடை காட்டியிருந்தால் போதும், முருகவேல் சொல்லியிருப்பார். காவல் வைத்த பொருளை அவர் கடைசி வரைக்கும் காத்துத்தான் நின்றிருக்கிறார். அந்தப் பொருள் அவனுடைய பொய்.

"லிங்கசாமி ஐயா உங்களை இருக்கச் சொல்லிட்டாருண்ணா. வேலை, ஊடு எல்லாம் அப்படியே. சாமானை எறக்கிரலாம்."

"வேணாம்யா. இவ இருக்க மாட்டேங்குறா." முருகவேல் குரலைத் தாழ்த்தினார். "நேத்து குழாய்த் தண்ணிக்கு நின்னவளை வரிசைய விட்டு ஒதுங்கச் சொல்லிட்டாக. வேல கெடக்கு. எங்கிட்டுப் போனாலும் கெடைக்கும். மைக்ல சொன்னீக. பூராப் பேரும் கேட்டாக. அத மட்டும் அதே மைக்ல எடுத்துருங்கய்யா. நாங்க அதக் கேட்டுட்டுக் கெளம்பிர்றோம்."

மேடையில் சிரிப்பு யோகா நடந்துகொண்டிருந்தது. கைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஹாஹா என்று பயிற்சியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கலீல் மேடையேறி மைக்கைக் கேட்டபோது, திருடனைப் பிடித்தவர் வந்திருக்கிறார் என்று சந்தோஷமாகவே கொடுத்தார்கள். லிங்கசாமி தூரத்திலிருந்து வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. அவன் மூச்சு மட்டும் மரத்துக்கு மரம் ஸ்பீக்கரில் கேட்டது.

"நேத்து இதே மைக்ல முருகவேலண்ணனைத் திருடன்னு சொன்னேன்," என்றான். "அவரு எதையும் திருடலை. குஞ்சுகளைத் தின்னது செம்போத்து. கூடு இருக்கற எடத்தைச் செம்போத்துக்குக் காட்டிக்குடுத்தது அந்த ஆரஞ்சு நூல். சிட்டுக்கு நூல் வைக்கற பழக்கத்தை ஆரம்பிச்சது நான், கலரா வேணும்னு சொன்னதும் நான். வாசல்ல இருக்கற படம் அப்படி நூல் வச்சு ஆசை காட்டி எடுத்ததுதான். இயற்கையா எடுத்தேன்னு நடுவர்கிட்டப் பொய் சொல்லிப் பரிசு வாங்கினேன். அந்தப் பொய்யை வெளிய சொல்லாம இருந்ததுக்குத்தான் நேத்து அவரு உங்க முன்னாடி திருடனா நின்னாரு. அவருகிட்டயும் பழனியம்மாக்காகிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

யாரும் கை தட்டவில்லை. ஒரு குருவிக்காகவா இவ்வளவு என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். லிங்கசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவனைப் பார்க்காமல் வாசல் பக்கம் போனார்.

கூட்டம் திடீரென்று விலகியது. பழனியம்மாள் வந்துகொண்டிருந்தாள். தலைப்பு முகத்தில் இல்லை. நேராக நடந்து, மேடையைத் தாண்டி, காலி செய்த அறைக்குப் போனாள். காலையில் தலை குனிந்து வெளியேறியபோது திறந்துபோட்டுவிட்டு வந்த கதவை இழுத்துச் சாத்தி, பூட்டி, இழுத்துப் பார்த்தாள். திரும்பி வந்து லிங்கசாமியைத் தேடி, சாவியை அவர் கையில் கொடுத்தாள். அதன் பிறகு மேடைக்கு வந்தாள். மற்றொரு கையில் செருப்புப் பெட்டி இருந்தது.

"இந்தாங்க தம்பி. இது அம்புட்டுத் தூரம் வண்டியில தாங்காது," என்று பெட்டியைக் கலீலிடம் நீட்டினாள். உள்ளே கிழிந்த பனியன் துணிக்கு நடுவில் அணில் குஞ்சு சுருண்டு கிடந்தது. "பாலைப் பஞ்சுல தொட்டு வைங்க. ஒரு பொழுதுக்கு அஞ்சாறு வாட்டி வைக்கணும். கண்ணு தொறந்ததும் மரத்துல விட்டுருங்க."

"சரிக்கா."

போகத் திரும்பியவள் நின்று, அவன் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தாள்.

"படம் மட்டும் எடுக்காதீக," என்றாள்.

குட்டியானை கிளம்பி ரோட்டில் ஏறுகிற சத்தம் கேட்டது. கலீல் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேடைப் படியில் இறங்கினான். ஒவ்வொரு படிக்கும் கேமரா முன்னால் ஆடிப் பெட்டியில் இடித்தது. தரணி எட்டி, அவன் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு இருவரும் பால் வாங்கப் போனார்கள்.